பத்துக்கு எட்டு

என் அக்கா முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவளிடம் படித்தவர்கள் அவளை 'அரைமார்க் டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். விடை சரியாக இருக்கும், வழிமுறை சரியாக இருக்கும், ஓரக்கோடு மட்டும் ஒரு நூல் சாய்ந்திருக்கும். அரை மார்க் போயிற்று. அவளிடம் நூறு வாங்கியவர் என்று ஒருவரும் கிடையாது. தொண்ணூற்று ஒன்பதரை வாங்கிய ஒருத்தி இன்று பாலங்கள் கட்டுகிற என்ஜினியர். எங்கே பார்த்தாலும் அந்த அரை மார்க்குக்காக அக்காவிடம் சண்டைக்கு வருவாள்.

விடைத்தாளையாவது மன்னித்துவிடலாம். மதிப்பெண் அட்டையில் நன்னடத்தைக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அக்கா போட்ட அதிகபட்சம் எட்டு. எட்டுக்கு மேலே போட்டால் பிள்ளைகள் அதோடு திருப்திப்பட்டு நின்றுவிடுவார்கள் என்பது அவள் கட்சி. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒன்பதாம் வகுப்பு, அவளிடமே படித்தேன். எனக்கு ஏழு. கூடப் பிறந்தவள் என்பதற்காகவே ஒன்றைக் குறைத்தாள் என்று இன்றுவரை நினைக்கிறேன். எனக்கு இப்போது அறுபத்தொன்று ஆகிறது. இதையெல்லாம் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன் பாருங்கள், அதுதான் என் லட்சணம்.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த எட்டினால் ஒரு மனிதனின் பிழைப்பில் மண் விழுந்தது. அது முழுக்கத் தன் தப்பு என்று அக்கா மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். அந்தத் தப்பில் பெரிய பங்கு என்னுடையது.

அக்காவின் மகன் எங்கள் இருவருக்கும் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். பத்து நாள். "அம்மாவைத் தனியா அனுப்பினா கப்பலையே திருத்திட்டு வந்துடுவாங்க, நீங்களும் போங்க சித்தி" என்றான். எனக்கும் மருந்துக்கடை வேலையை விட்டபின் வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போயிருந்தது. கிளம்பிவிட்டோம்.

எங்கள் அறை ஆறாவது மாடியில். இரண்டு கட்டில், நடுவில் முழங்கால் நுழைகிற இடைவெளி, அலமாரி அளவுக்கு ஒரு குளியலறை. அந்த வரிசையில் பதினாறு அறைகளைக் காலையும் மாலையும் சுத்தம் செய்வது ஒரே ஆள். முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயது இருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டு முதல் நாளே, "அம்மா, நம்ம பாஷையா?" என்று முகமெல்லாம் பல்லாக நின்றான். அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவன் அவளை அம்மா என்றும் என்னைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டான்.

கட்டில்மேல் துண்டைச் சுருட்டி முயல், யானை என்று ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போவது அந்தக் கப்பலில் வழக்கம். முதல் நாள் முயல் வைத்திருந்தான். நான் போட்டோ எடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒரு காது குட்டையா இருக்கு தம்பி" என்றாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் கோபப்படவில்லை. மறுநாள் வைத்த முயலின் இரண்டு காதும் அளந்து வெட்டியது போல் இருந்தன. அக்காவுக்கு அன்றே அவனைப் பிடித்துப் போயிற்று.

டிப்ஸ் விஷயத்தில் கப்பல் முழுக்க ஆளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எதிர் அறையில் ஒரு தையல்கடைக்காரரும் அவர் மனைவியும். "முதல் நாளே ஒரு கவரைக் கையில வெச்சிரணும் டீச்சர், அப்பதான் பத்து நாளும் நம்மளைக் கவனிப்பாங்க" என்று அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"அதுக்குப் பேரு டிப்ஸ் இல்ல, லஞ்சம்" என்றாள் அக்கா.

ஒவ்வொரு நாளும் பில்லில் பணியாளர்களுக்கு என்று ஒரு தொகை தானாக ஏறிக்கொண்டிருந்தது. அது யாருக்குப் போகிறது என்று தெரியாமல் அக்காவுக்குத் தூக்கம் வருமா? வரவேற்பு மேசைக்குப் போய் நின்றாள். சலவை செய்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், நம் கண்ணில் படாமல் கீழ்த்தட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்போம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் ஒரு ஆள் அந்தத் தொகையைத் தன் பில்லிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கொண்டிருந்தார். நான் பார்க்காதவர்களுக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அக்கா திரும்பி, "நீங்க பாக்கலைன்னா, போட்டிருக்கிற சட்டை தானாவா வெளுத்துச்சு?" என்று கேட்டாள். அந்த மனிதர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். நான் அவளுக்குத் தெரியாமல் சிரித்தேன். அவள் கறார்தான், ஆனால் அந்தக் கறார் நியாயமான கறார். அதனால்தான் நடந்தது இன்னும் வலிக்கிறது.

நாலாம் நாள் அக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது. அந்தத் தம்பி ஐஸ் கொண்டுவந்து, துண்டில் சுற்றி, எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து சுத்தம் செய்யும்போது இரண்டு வார்த்தை பேசுவான். வீட்டில் ஐந்து வயதில் மகள். எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு என்பது அவன் ஒப்பந்தம். அவள் பிறந்ததிலிருந்து எல்லாம் சேர்த்து ஒரு வருடம்கூட அவளோடு இருந்ததில்லை என்றான். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் நாலு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. "இந்த ட்ரிப்போட லிஸ்ட்டை மூடுறாங்கம்மா. கிடைச்சுட்டா பாப்பாவை ஸ்கூல்ல சேர்க்குற அன்னிக்கு நான் வீட்ல இருப்பேன்."

அக்கா துறைமுகத்தில் இறங்கி அந்தக் குழந்தைக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினாள். சிவப்பில், தொப்பியோடு. வாங்கும் முன் அவனிடம் அளவு கேட்டாள். அவன் கையை இடுப்புக்கு நேராக வைத்தான். கொஞ்சம் உயர்த்தினான். மறுபடி தாழ்த்தினான். "போன தடவை இவ்ளோ இருந்தா" என்று சொல்லிவிட்டுத் துண்டு மடிக்கத் திரும்பிக்கொண்டான். அக்கா இரண்டு அளவு பெரிதாகவே வாங்கினாள்.

வாழ்நாளில் பெற்றோர்களிடம் ஒரு பேனாகூட வாங்காதவள் அவள். வாசலில் பழக்கூடையோடு வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்புவாள். கொடுப்பதிலும் அவளுக்கு அதே கூச்சம். பணம் வைத்த கவரை எப்படி நீட்டுவது என்று என்னிடம் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தாள். கப்பலில் இன்னொரு விதியும் இருந்தது. பயணிகள் கொடுக்கிற பொருளைப் பணியாளர் வெளியே கொண்டுபோனால், இதை நான்தான் கொடுத்தேன் என்று பயணி எழுதிய சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் வாசல் காவலர் திருட்டு என்று பிடித்துக்கொள்வார். ஒரு வரி எழுதினால் போதும். அக்கா இரண்டு பக்கம் எழுதினாள். 'இவர் வேலையில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட ஒழுங்கை வெகு சிலரிடமே பார்த்திருக்கிறேன்.' அவள் யாரைப் பற்றியும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அதை அந்த வாசல் காவலர் ஒருவர்தான் படிக்கப் போகிறார் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

இறங்குவதற்கு முந்தின நாள் காலை. சாப்பாட்டு மண்டபத்தில் தையல்கடைக்காரர் மேசையில்தான் உட்கார்ந்தோம். பேச்சு எங்கெங்கோ போய்ப் படிப்பில் வந்து நின்றது. அக்கா என்னைக் காட்டி, "இவளுக்கு ஏழு போட்டேன். அதுவே கொஞ்சம் தாராளம்தான்" என்றாள். தையல்கடைக்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு, தேநீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் எங்களுக்குப் பரிமாறுகிறவர் நின்றிருந்தார். எங்கள் பாஷை பேசுவார். குரலைத் தாழ்த்தி, "சாயங்காலம் டிவில ஒரு ஃபார்ம் வரும்மா. ரூம் பையனுக்கு மார்க் போடுற ஃபார்ம். பத்து போட்டாத்தான் கம்பெனி அதை மார்க்குனு எடுத்துக்கும். ஒன்பது போட்டா ஏன்னு கேப்பாங்க. எட்டு போட்டா ஃபெயில். பாத்துப் போடுங்கம்மா" என்றார்.

நன்றாகக் கேட்டேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை. அப்போது சொல்லாததற்குக் காரணம் ரோஷம். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

இறங்குவதற்கு முந்தின மாலையே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா தன் கண்ணாடியையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டாள். பல வருடம் பிள்ளைகளைத் திட்டிய கவனக்குறைவு அன்று அவளுக்கே வந்தது. அதனால் டிவியில் ஃபார்ம் வந்தபோது ரிமோட் என் கையில் இருந்தது. கேள்வியை நான் படித்தேன். அவள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பதில் சொன்னாள். சாப்பாடு ஆறு. இசை நிகழ்ச்சி நாலு. அறைப் பணியாளர்?

"எட்டு" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. அவள் தரக்கூடிய எல்லாவற்றையும் தந்துவிட்ட பெருமிதம்.

"யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"யோசிக்க என்ன இருக்கு? முதல் நாள் ஆறு கொடுத்திருப்பேன். முன்னேறியிருக்கான். எட்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? நீதான் வாங்கினதே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் கண்ணுக்குத் திரை தெரியவில்லை. நான் பத்தை அழுத்தியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. பரிமாறுகிறவர் சொன்னதைச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் வாதம் செய்துவிட்டு அவளே பத்து போடச் சொல்லியிருப்பாள். எனக்கு அது தெரியும், அவளுடைய நியாயத்தை என்னைவிட அறிந்தவர் யார்? ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தத் தம்பி என் கணக்கிலேயே இல்லை. உன் எட்டை நீயே கட்டிக்கொண்டு அழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எட்டை அழுத்தினேன். அடுத்த கேள்வி, குறை என்ன என்று. "ஒண்ணும் இல்லைன்னு போடு" என்றாள். போட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் வாசலில் நின்றான். அக்கா கவரையும் கோட்டையும் சீட்டையும் கொடுத்தாள். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "பாப்பாவுக்கு" என்று மட்டும் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அக்காவின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை நடந்து வந்தான். "படி இருக்கும்மா, பாத்து. போயிட்டு வாங்க சின்னம்மா" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் பொத்தானைப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் மகன்தான் போனில் படித்துச் சொன்னான். 'தங்கள் அறைப் பணியாளரின் சேவை எதிர்பார்த்த தரத்தில் இல்லாமல் போனதற்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. அடுத்த பயணத்தில் தங்களுக்குச் சிறப்புச் சலுகை உண்டு.'

அக்கா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பிறகு போனை வாங்கித் தானே படித்தாள். "நான் குறையே சொல்லலியேடா. எட்டு போட்டேனே" என்றாள். அவன்தான் விளக்கினான், இந்தக் கம்பெனிகளில் எட்டு என்றால் என்ன அர்த்தம் என்று. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆறுதல் சொல்லத் தங்கை ஒருத்தி இருக்கிறாளே என்று. எனக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் போலிருக்கும்.

கம்பெனிக்கு நாலு கடிதம் எழுதினாள். தன் எட்டு என்பது மற்றவர்களின் பத்துக்குச் சமம் என்று கட்டம் போட்டு, தான் போட்ட மார்க்குகளின் சராசரியோடு நிரூபித்தாள். நாலு கடிதத்துக்கும் ஒரே பதில்தான் வந்தது, தங்கள் கருத்துக்கு நன்றி என்று. பிறகு அவள் பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. "ஏழு போட்டேனே, அந்தப் பிள்ளைங்க அட்டையை எங்கெங்க கொண்டுபோய்க் காட்டுச்சோ. எவன் எதை வெச்சு என்ன முடிவு பண்ணானோ. நான் யோசிச்சதே இல்லடி" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வாள். தட்டு அப்படியே இருக்கும். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். மென்று முழுங்கிவிடுவேன்.

கடைசியில் தையல்கடைக்காரரின் மனைவி மூலமாகப் பரிமாறுகிறவரின் எண் கிடைத்து, அவர் மூலமாக அந்தத் தம்பியின் எண் கிடைத்தது. கப்பல் கரையில் நிற்கிற நாளைத் தெரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். ஒரு தாளில் சொல்ல வேண்டியதையெல்லாம் எண் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? முழங்கால் எப்படி இருக்கு?" என்றான் எடுத்தவுடன். பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது.

"அது கிடக்கு. தம்பி, நான் ஒண்ணு சொல்லணும், குறுக்க பேசாம கேளு. லிஸ்ட்ல உன் பேரு வந்துச்சா?"

"இல்லம்மா. அடுத்த லிஸ்ட் ஒரு வருஷம் கழிச்சுத்தான். பரவால்லம்மா."

"பாப்பா ஸ்கூல்?"

"சேத்தாச்சும்மா. போட்டோ அனுப்பினாங்க."

அக்கா தாளை மடித்துவிட்டாள். "அந்த எட்டைப் போட்டது நான்தான் தம்பி."

வண்டிச் சத்தம் நின்றது. "தெரியும்மா" என்றான். "நீங்க இறங்குன அன்னிக்குக் காலைல ஆறு மணி மீட்டிங்லயே ஸ்கிரீன்ல போட்டாங்க. ரூம் நம்பரோட வரும்."

"அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் என் பையைத் தூக்கிட்டு வந்தியா?"

"உங்களுக்குக் கால் வலிம்மா."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்தது அவள் கணவர் போன அன்றுதான். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? எனக்குத் தெரியலியேப்பா" என்றாள்.

"நாங்க மார்க் பத்திப் பேசக்கூடாதும்மா. பேசினா வேலையே போயிடும். அதனாலதான் டைனிங் அண்ணன்கிட்ட சொல்லி, சின்னம்மா காதுல போட்டு வைக்கச் சொன்னேன். சொல்லிட்டேன்னு அவரும் சொன்னாரு." அங்கே நிறுத்தினான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அவசரமாக, "சின்னம்மா மறந்திருப்பாங்கம்மா. கிளம்புற அவசரத்துல யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க" என்றான்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, ஆமாம் என்று நான் சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்புதான் இருந்தது. "மறந்துட்டியா?" என்றாள்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதோடு முடிந்தது. யாருக்குக் கெடுதல் செய்தேனோ அவனே தப்பிக்க வழி காட்டிவிட்டான். வாயைத் திறந்தேன்.

"மறக்கலக்கா. ஞாபகம் இருந்துச்சு. உன்மேல கோவம். அதான் நீ சொன்னபடியே எட்டை அழுத்தினேன்."

போனிலிருந்துதான் குரல் வந்தது, எங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்பானே, அதே பணிவான குரல்.

"என் வேலையில ஏதாவது குறை இருந்துச்சா சின்னம்மா?"

"இல்லப்பா" என்றேன்.